எட்டப்பன் வேஷம் போட்டவன் சொல்லும் பதில்

கேள்வி இது: "கட்டபொம்மன் வெள்ளைக்காரனை எதிர்த்த வீரர் என்றுதான் படித்து வளர்ந்தோம். இப்போது என் மைத்துனர், 'அவர் ஊரைக் கொள்ளையடித்த பாளையக்காரர், சினிமாவைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள்' என்கிறார். அவரும் ஆதாரம் காட்டுகிறார், நானும் காட்டுகிறேன். ஒரே வரலாறு ஆளுக்கொரு மாதிரி தெரிவது ஏன்? சாய்வே இல்லாமல் இதைப் படிக்க முடியுமா?"

முடியாது. கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஆனால் தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருப்பது தெரிந்தால் அதைக் கழித்துக்கொண்டு எடை பார்க்கலாம் அல்லவா? அந்த அளவுக்கு முடியும்.

என் தட்டில் ஒட்டியிருக்கும் புளியை முதலில் காட்டிவிடுகிறேன். ஏழாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம் போட்டார்கள். வகுப்பிலேயே உயரமானவனுக்குக் கட்டபொம்மன் வேஷம். கணீரென்ற குரல் இருந்தவனுக்கு ஜாக்சன் துரை. நான் ஒல்லிக்குச்சி, கொஞ்சம் கூன் விழுந்த மாதிரி நடப்பேன். வாத்தியார் என்னைப் பார்த்ததுமே, "இவன் எட்டப்பன்" என்று சொல்லிவிட்டார். மேடையில் எனக்கு நாலு வரிதான் வசனம். ஆனால் விழா முடிந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் என் பெயர் எட்டப்பன்தான். யாராவது வாத்தியாரிடம் கோள் சொன்னால்கூட, செய்தது நான்தான் என்று எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கடுப்பில்தான் நூலகத்தில் எட்டப்பன் யார் என்று தேட ஆரம்பித்தேன். அவர் பக்கத்தில் ஒரு நியாயம் இருந்தால் தேவலை என்ற ஆசையோடுதான் தேடினேன். ஆகவே கீழே நான் எட்டயபுரத்துக்குக் கொஞ்சம் தாராளமாக எழுதியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, யாரும் மறுக்காத விஷயங்கள் எவை? பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்தார். அங்கே கைகலப்பாகி கிளார்க் என்ற அதிகாரி கொல்லப்பட்டார். மறு வருஷம் செப்டம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி, புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டு, 1799 அக்டோபர் 16-ம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். உங்கள் மைத்துனரும் இதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டார்.

பிறகு சண்டை எங்கே வருகிறது? கதையை எங்கே தொடங்குவது என்பதில்.

நம் பள்ளிக்கூடக் கதை ராமநாதபுரத்தில் தொடங்கும். வரி கேட்ட வெள்ளைக்காரன், மறுத்த வீரன். கம்பெனிக் காகிதங்களின் கதை அதற்கு முன்பே, 1792-ல் தொடங்கும். அந்த வருஷத்து ஒப்பந்தப்படி, பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையை ஆற்காட்டு நவாப் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார். அங்கிருந்து தொடங்கினால் கட்டபொம்மன் பாக்கி வைத்த ஆள், கம்பெனி கணக்குப் பிள்ளை. எட்டயபுரத்துக் கதை இன்னும் முன்னால், இரண்டு பாளையங்களுக்கும் நடந்த எல்லைத் தகராறில் தொடங்கும். அங்கிருந்து தொடங்கினால் கட்டபொம்மன், அறுவடைக்கு நிற்கும் வயலில் ஆளை இறக்கிய பக்கத்து வீட்டுக்காரர். மூன்று கதையிலும் பொய் என்று எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் முதல் அடியை அடித்தது வேறு ஆள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கும்போது, அவரவர் தான் அடி வாங்கிய இடத்திலிருந்துதானே கதை சொல்வார்கள்?

'கொள்ளை' என்ற சொல்லைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பாளையக்காரர்களுக்குக் காவல் உரிமை என்று ஒன்று இருந்தது. ஒரு ஊரைக் காப்பது அவர்கள் பொறுப்பு. களவு போனால் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் ஈடுகட்ட வேண்டும். அதற்குக் கூலியாக நெல்லோ பணமோ ஊர் கொடுக்கும். தன் பாளையத்துக்குள் மட்டும் இல்லை, வெளியே இருக்கும் ஊர்களிலும் இந்த உரிமையைக் கேட்ட பாளையக்காரர்கள் உண்டு. கொடுக்காத ஊரில் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும்.

இப்போது ஒரு பாளையக்காரரின் ஆட்கள் கம்பெனி எல்லைக்குள் இருக்கும் ஒரு கிராமத்தில் போய் நெல் அளந்து எடுத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாளையக்காரருக்கு அது பாட்டன் காலத்து உரிமை. கம்பெனி கணக்கில் அது கொள்ளை, ஏனென்றால் அந்த நெல் அவர்கள் வரியில் சேர வேண்டியது. அந்த ஊர்ச் சம்சாரிக்கு எப்படி இருந்திருக்கும்? யார் அளந்தாலும் குதிர் காலிதான். அவர் எழுதி வைத்த காகிதம் எதுவும் நம் கைக்கு வரவில்லை. கம்பெனியின் காகிதம் வந்திருக்கிறது, ஏனென்றால் அது எல்லாவற்றையும் எழுதி, நகல் எடுத்து, லண்டனுக்கு அனுப்பும் வியாபார நிறுவனம். ஆதாரம் என்று நாம் கையில் எடுப்பதிலேயே பாதிச் சாய்வு ஏறிவிடுகிறது. கட்டபொம்மனைக் கொள்ளைக்காரர் என்று எழுதியவர்கள் ஆவணம் பேசுகிறது என்பார்கள். ஆவணம் பேசுகிறதுதான், ஆனால் வரி வசூலிப்பவரின் குரலில் பேசுகிறது.

அதற்காக ஆவணத்தைத் தூக்கிப் போட்டுவிட முடியுமா? நம் பக்கத்தார் செய்யும் தவறு அதுதான். கட்டபொம்மன் கம்பெனிக்குக் காசே கட்டியதில்லை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சரியில்லை. அவர் கட்டியும் இருக்கிறார், பாக்கியும் வைத்திருக்கிறார், தவணையும் பேசியிருக்கிறார். ராமநாதபுரம் சந்திப்பே பாக்கிக் கணக்கைப் பற்றியதுதான். கலெக்டர் வரச் சொன்னார். இவர் போன இடத்தில் எல்லாம் கலெக்டர் பார்க்க மறுத்தார். குற்றாலம், சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராக அலையவிட்டு, கடைசியில் ராமநாதபுரத்தில் பார்த்து, அங்கேயும் உட்காரச் சொல்லாமல் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். ஒரு பாளையக்காரரை அப்படி நடத்தினால் என்ன ஆகும் என்று அந்தச் சீமையில் மாடு மேய்ப்பவனுக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

நம் காதில் ஒலிப்பதோ வேறு. 1959-ல் வந்த வீரபாண்டிய கட்டபொம்மன் படத்தில் சிவாஜி கணேசன் பேசிய வசனம். சக்தி கிருஷ்ணசாமி எழுதியது அது. எனக்கும் அந்த வசனம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அது ராமநாதபுரத்தில் பேசப்பட்டது அல்ல, ஸ்டுடியோவில் பேசப்பட்டது. என் அனுபவத்தில் பத்துப் பேரிடம் கேட்டால் எட்டுப் பேர் அதைக் கட்டபொம்மனே சொன்னதாக நினைக்கிறார்கள். அந்தப் படம் பொய் என்று சொல்ல வரவில்லை, நல்ல நாடகம். நினைவில் எது படித்தது, எது பார்த்தது என்ற எல்லை எவ்வளவு சீக்கிரம் அழிந்துபோகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

கம்பெனியை மொத்தமாக வில்லன் ஆக்கினால் இன்னொரு விஷயம் கண்ணில் படாமல் போகும். ராமநாதபுரம் சம்பவத்துக்குப் பிறகு சென்னை அரசாங்கமே ஒரு விசாரணைக் குழு போட்டது. குழு கட்டபொம்மன் பேரில் குற்றம் இல்லை என்றது. ஜாக்சன் பதவியை இழந்தார். அவர் இடத்துக்கு லூஷிங்டன் வந்தார். பள்ளி நாடகத்தில் இந்தக் காட்சி வராது, ஏனென்றால் கதையின் வேகம் கெட்டுவிடும். கொள்ளைக்காரர் கட்சிக்காரர்களும் இதை இரண்டு வரியில் கடந்துவிடுவார்கள், ஏனென்றால் கம்பெனியே அவரை விடுவித்திருக்கிறதே!

இனி என் எட்டப்பன்.

எட்டயபுரமும் பாஞ்சாலங்குறிச்சியும் அடுத்தடுத்த பாளையங்கள். இரண்டு பாளையக்காரர்களும் ஒரே கம்பளத்து நாயக்கர் சமூகம், இரண்டு வீட்டிலும் தெலுங்கு பேசினார்கள். 'எட்டப்பன்' என்பது ஒரு ஆளின் பெயர்கூட இல்லை. அந்த வம்சத்தில் பட்டத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் தாங்கிய பெயர். இரண்டு பாளையங்களுக்கும் நிலத் தகராறு தலைமுறைகளாக இருந்தது. பக்கத்துப் பாளையக்காரன் வளர்ந்தால் நம் வயல் போகும் என்பதுதான் அன்றைய அரசியல். 'இந்தியா' என்றோ 'தமிழ்நாடு' என்றோ ஒரு நாடு அவர்கள் மனதில் இருந்து, அதை எட்டயபுரத்தார் விற்றுவிட்டார் என்று சொல்ல வேண்டுமானால், இல்லாத நாட்டை முதலில் அங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும். துரோகம் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு விசுவாசம் இருந்திருக்க வேண்டும். எட்டயபுரத்தாருக்குக் கட்டபொம்மன் மேல் என்ன விசுவாசக் கடன்?

இங்கே என் புளி வேலை செய்வது எனக்கே தெரிகிறது. ஆகவே மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கட்டபொம்மன் கோட்டையை விட்டுக் கிளம்பியதும் கோலார்பட்டியில் அவரைச் சுற்றி வளைத்தது எட்டயபுரத்துப் படை. சண்டை முடிந்த பிறகு பாஞ்சாலங்குறிச்சியின் நிலத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தபோது எட்டயபுரத்துக்கும் பங்கு வந்தது. அண்டை வீட்டுப் பகையை வெளியாள் கத்தியை வைத்துத் தீர்த்துக்கொண்டு, பரிசையும் வாங்கிக்கொண்டார்கள் என்று சொன்னால் அதை என்னால் மறுக்க முடியாது. அந்த வெளியாள் எவ்வளவு நாள் இங்கே இருக்கப் போகிறான் என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். வரலாற்றுப் பாத்திரங்களைத் திட்டும்போது பெரும்பாலும் இந்த வசதியில் உட்கார்ந்துகொண்டுதான் திட்டுகிறோம்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தது எட்டயபுரம் இல்லை. புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஆனால் தமிழில் காட்டிக்கொடுப்பவனுக்குப் பெயர் எட்டப்பன் என்று ஆகிப்போனது. ஆபீஸில் மேனேஜரிடம் போட்டுக்கொடுப்பவன் எட்டப்பன். கட்சி மாறினால் எட்டப்பன். ஏன் இந்தப் பெயர் ஒட்டியது? சொந்த ஜாதி, பக்கத்து ஊர். துரோகக் கதைக்கு அதுதான் பொருந்தும் என்பது ஒன்று. தூரத்து ராஜா பிடித்துக் கொடுத்தால் அது அரசியல், பங்காளி பிடித்துக் கொடுத்தால் துரோகம். கதைப்பாடல்களும், தெருக்கூத்தும், பிறகு சினிமாவும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டது இன்னொன்று. ஆனால் அதே எட்டயபுரத்து அரண்மனைதான் முத்துசாமி தீட்சிதருக்குக் கடைசிக் காலத்தில் இடம் கொடுத்தது. சுப்பிரமணியன் என்ற சிறுவனுக்குப் பாரதி என்ற பட்டம் கிடைத்ததும் அந்தச் சபையில்தான். பாரதி பிறந்த ஊர் என்று சொல்லும்போது எட்டயபுரத்தை நெஞ்சில் வைத்துக்கொள்கிறோம், அடுத்த நிமிஷமே எட்டப்பன் என்று திட்டவும் செய்கிறோம். இரண்டும் ஒரே ஊர் என்பது வாய்க்கு நினைவில் இருப்பதில்லை.

நம் கண்ணே நம்மை ஏமாற்றும் விதத்தைப் பற்றி ஒரு பழைய ஆராய்ச்சி உண்டு. 1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்ற இரண்டு கல்லூரி அணிகள் அவர்கள் ஊர்க் கால்பந்து ஆடின. முரட்டு ஆட்டம், இரண்டு பக்கமும் காயம். ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இருவர் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த தப்பு என்று டார்ட்மத் மாணவர்கள் எண்ணியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணினார்கள். படம் ஒன்றே. யாரும் பொய் சொல்லவில்லை. கண்ணில் பட்டதே வேறு. நம் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது எல்பிடபிள்யூ கேட்டுப் பாருங்கள், அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம்.

இன்னொரு ஆராய்ச்சி இதைவிடக் கவலை தருவது. 1982-ல் பெய்ரூட்டில் அகதி முகாம்களில் படுகொலை நடந்தது. அதைப் பற்றி வந்த டிவி செய்திகளை அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். ஒரே செய்தியைப் பார்த்த இரண்டு தரப்பும், இந்தச் செய்தி எங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். அதிலும் விஷயம் அதிகம் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தச் சாய்வு இன்னும் அதிகமாகத் தெரிந்தது. நிறையப் படித்தால் சாய்வு குறையும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். ஒரு பக்கம் சேர்ந்துவிட்டுப் படித்தால், படிப்பு அந்தப் பக்கத்துக்கு வக்கீல் வேலைதான் பார்க்கிறது. உங்கள் மைத்துனரும் நீங்களும் ஆளுக்கு இன்னும் பத்துப் புத்தகம் படித்தால் சமாதானம் ஆகிவிடுவீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

நம் எழுத்தாளர்களிடமே இதைப் பார்க்கலாம். ம.பொ.சி. கட்டபொம்மனை விடுதலை வீரராக நிறுத்தினார். தமிழ்வாணன் கொள்ளைக்காரர் என்று எழுதினார். இருவருக்கும் கிடைத்த மூலங்கள் பெரிதாக வேறு இல்லை. ம.பொ.சி. சிறை சென்ற காங்கிரஸ்காரர், தமிழரசுக் கழகம் நடத்தியவர். விடுதலைப் போர் 1857-ல் வடக்கே தொடங்கியது என்று எழுதிக்கொண்டிருந்த நாட்டில், அதற்கு 60 வருஷம் முன்பே தெற்கே தொடங்கியது என்று காட்ட அவருக்கு ஒரு தேவை இருந்தது. தேவை இருந்ததால் அவர் சொன்னது தப்பாகிவிடாது. ஆனால் எந்த ஆவணத்தில் அவர் நின்றார், எதை வேகமாகத் தாண்டினார் என்று பார்க்கும்போது அந்தத் தேவையை நினைவில் வைத்துக்கொள்ளலாம். மறுபக்கத்தில் வீரர் என்று ஊரே கும்பிடுவதை உடைத்துக் காட்டுவதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசியும் சாய்வுதான். உங்கள் மைத்துனரிடம் இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

அப்புறம் எதைத்தான் நம்புவது? நான் வைத்திருக்கும் உரைகல் பழைய கோர்ட் புத்திதான். ஒருவர் தனக்குப் பாதகமாக ஒன்றைச் சொன்னால் அதற்குக் கூடுதல் எடை போடு.

பானர்மன் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மறுநாள் கயத்தாறிலிருந்து எழுதிய கடிதம் இருக்கிறது. தூக்கில் போட்டவரே எழுதியது. அவருக்குத் தேவை என்ன? தண்டனை சரி, மற்ற பாளையக்காரர்கள் பயந்து அடங்கினார்கள் என்று மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து, அவர்கள் கண் முன்னால் விசாரணை என்று ஒன்றை நடத்தினார். ஆனால் அந்தக் கடிதத்தில் அவர் எழுதுகிறார்: விசாரணை நேரம் முழுக்க அந்த ஆள் கொஞ்சமும் கலங்கவில்லை, அலட்சியமாகவே நின்றார். தன்னைப் பிடிக்க மும்முரமாக இருந்த எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இளக்காரமாகப் பார்த்தார். தூக்குக்குப் போகும்போது விறைப்பாக நடந்து, இரண்டு பக்கமும் நின்ற பாளையக்காரர்களை வெறுப்போடு பார்த்துக்கொண்டே போனார். வழியில் வாய் பேசாத தம்பியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாராம். மரத்தடிக்கு வந்ததும், கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து அங்கேயே செத்திருக்கலாம் என்று வருத்தப்பட்டாராம்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் படிப்பதை நிறுத்திவிடுவேன். இதைச் சொல்வதால் பானர்மனுக்கு எந்த லாபமும் இல்லை. கொள்ளைக்காரனைத் தொங்கவிட்டேன் என்று எழுதினால் வேலை முடிந்தது. எழுதாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஆகவே கட்டபொம்மனின் துணிச்சலை நான் நம்புகிறேன்; அதற்குச் சினிமாவும் கதைப்பாடலும் தேவையில்லை. அதே கடிதம் இன்னொன்றையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. சாகப்போகிறவரின் கடைசிக் கவலை தம்பியும் கோட்டையும். நாடு என்ற பேச்சே அதில் இல்லை. அந்த இடம் எனக்கு உவப்பாக இல்லைதான், ஆனால் துணிச்சலுக்கு இந்தக் கடிதத்தை நம்பிவிட்டு, இதற்கு மட்டும் நம்பாமல் இருக்க முடியாதே.

இந்தக் கடிதம் நம் கைக்கு எப்படி வந்தது என்பதும் ருசியான சங்கதி. 1881-ல் திருநெல்வேலிச் சரித்திரம் எழுதிய கால்டுவெல் பாதிரியார் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவர் சாய்வு ஒளிவுமறைவு இல்லாதது. பாளையக்காரர் ஆட்சி அராஜகம், ஆங்கில ஆட்சி வந்ததுதான் ஜனங்களுக்கு விடிவு என்று நினைத்தவர். ஆனால் தன் கருத்துக்கு இடைஞ்சலான கடிதத்தையும் அவர் மறைக்கவில்லை. சாய்வு உள்ளவர் என்று தள்ளிவைத்திருந்தால் நமக்குத்தான் நஷ்டம்.

அந்த வாய் பேசாத தம்பி ஊமைத்துரை விஷயத்திலும் இப்படித்தான். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாட்களில் திரும்ப எழுப்பினார்கள். மே மாதம் கோட்டை மறுபடி விழுந்தது. எதிர்ப் படையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி பல வருஷம் கழித்துத் தன் நினைவுக் குறிப்பில் எழுதிய சம்பவம் ஒன்று உண்டு. பிணக் குவியலில் தன் மகனைத் தேடி வந்த ஒரு தாய், உயிர் ஊசலாடும் அவனைத் தூக்கப் போகிறாள். அவன், "என்னை விடு, பக்கத்தில் சாமி அடிபட்டுக் கிடக்கிறார், அவரைக் காப்பாற்று" என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அவளும் மற்றவர்களும் அவரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வரும்போது அவர் மேல் துணியைப் போட்டு மூடி, அம்மை கண்டு செத்த பையன் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவர்கள் அம்மை என்றதும் ஓடிவிட்டார்கள். எதிரிப் படைக்காரன் இதை இவ்வளவு மரியாதையோடு எழுதுகிறான் என்றால், ஜனங்களுக்கு அந்த மனிதர் யாராக இருந்தார் என்பது தெரிகிறது. வெறும் கொள்ளைக் கூட்டத் தலைவனுக்காக ஒரு பெண் மகனைச் சாகவிட்டுப் போவாளா? உங்கள் மைத்துனரிடம் நான் கேட்க நினைப்பது இதைத்தான்.

ஜெயித்த பிறகு கம்பெனி கோட்டையைத் தரைமட்டமாக்கி, உழுது, ஆமணக்கு விதைத்தது. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே கணக்கிலிருந்து நீக்கியது. வரலாற்றை அழிக்க அதைவிட நேரடியான வழி கிடையாது. 1974-ல் தமிழக அரசு அங்கே ஒரு நினைவுக் கோட்டை கட்டியது. அங்கே சுற்றுலா வரும் பிள்ளைகளில் பலர் அதைத்தான் கட்டபொம்மன் இருந்த கோட்டை என்று நினைத்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் சண்டையில் செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அங்கே நின்று போட்டோ எடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பழைய கதை இன்றைய சண்டைக்கு எப்படி எண்ணெய் ஆகிறது என்பதற்கு 1997 ஞாபகம் வருகிறது. அப்போது திருநெல்வேலி, நெல்லை கட்டபொம்மன் மாவட்டம். பஸ்களிலும் தலைவர்கள் பெயர்தான் எழுதியிருக்கும். கட்டபொம்மன் படையில் இருந்த சுந்தரலிங்கத்தின் பெயரை விருதுநகர்ப் பக்கத்துப் போக்குவரத்துக் கழகத்துக்கு வைத்தார்கள். அவர் தலித் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு தரப்பு கிளம்பி, தென் மாவட்டங்களில் கலவரம் ஆனது. கடைசியில் அரசு எல்லா மாவட்டங்களிலிருந்தும், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. ஒரே போரில் ஒரே பக்கம் நின்று சண்டை போட்டவர்கள் இருநூறு வருஷம் கழித்து ஒரே பஸ் டெப்போவில் நிற்க முடியவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள் என்று அங்கே யாரும் விசாரிக்கவில்லை. எந்தத் தெருக்காரர் என்றுதான் விசாரித்தார்கள். கட்டபொம்மனையே சிலர் தெலுங்கர் என்று கழிக்கிறார்கள், சிலர் தமிழர் என்று சேர்க்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் 1799 ஒரு சாக்குதான்.

என் முடிவு என்ன என்று கேட்பீர்கள். கட்டபொம்மன் கொள்ளைக்காரர் இல்லை. அப்படிச் சொன்னால் அன்றைய பாளையக்காரர் எல்லாரையும், நெல்லை அளந்துபோன கம்பெனியையும் அதே பட்டியலில் சேர்க்க வேண்டும். இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில் நாட்டு விடுதலைக்காகப் போராடியவரும் இல்லை. தன் மண்ணையும் மரியாதையையும் விட்டுக்கொடுக்காத ஒரு பாளையக்காரர். பேரம் பேசிப் பார்த்தார், முடியாத இடத்தில் வளைய மறுத்தார். எல்லாரும் சேர்ந்து அந்நியனை எதிர்ப்போம் என்ற பேச்சு வெளிப்படையாக வருவது அவர் செத்த பிறகு, 1801 ஜூனில் மருது திருச்சிக் கோட்டையில் ஒட்டவைத்த அறிக்கையில். அது ஜாதி பார்க்காமல் எல்லாரையும் கூப்பிடுகிறது. விடுதலைப் போரின் தொடக்கம் வேண்டுமென்றால் நான் அங்கே கை காட்டுவேன். இதை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் காகிதம் இருக்கிறது.

எட்டயபுரத்தாரைப் பற்றி? துரோகி இல்லை, பகையாளி. இந்த வரியை எழுதிவிட்டு மூன்று தடவை அடித்தேன். பானர்மன் கடிதத்தில் வரும் அந்தப் பார்வை, சாகப்போகிறவர் எட்டயபுரத்தாரைப் பார்த்த பார்வை, என்னை விடவில்லை. கட்டபொம்மனுக்கு அது வெறும் பகையாகத் தெரிந்திருந்தால் அப்படிப் பார்த்திருப்பாரா? அவர் மனதில் ஏதோ ஒரு விசுவாசம் எதிர்பார்க்கப்பட்டிருக்கிறது போலிருக்கிறது. அல்லது பானர்மன் அதை அப்படிப் பார்த்தாரோ என்னவோ. வரியை அடிக்காமல் விட்டுவிட்டேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஒரு கல்யாணத்தில் எங்கள் நாடகத்துக் கட்டபொம்மனைப் பார்த்தேன். தொப்பை போட்டு, இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருக்கிறான். பந்தியில் என்னைப் பார்த்ததும் இலையிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, மண்டபம் கேட்கக் கூப்பிட்டான்: "டேய் எட்டப்பா!"